எண்ணெய் ஊர் டிக்பாய்

ஒரு ஊருக்குப் புகழும் செல்வமும் பூமியின் அடியிலிருந்து வருவதுண்டு. தங்கம், நிலக்கரி, எண்ணெய் என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் காடாக இருந்த இடம் நகரமாகிவிடும். அந்தப் பொருள் தீர்ந்த பிறகு அவ்வூரின் கதி என்ன? நம் நாட்டிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. அதுதான் அசாம் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், தின்சுகியா மாவட்டத்தில் உள்ள டிக்பாய்.

யானைக் கதையும் உண்மையும்

1880களில் அந்தப் பக்கத்துக் காடுகளின் வழியே ரயில் பாதை போட்டார்கள். மரங்களை இழுத்து வந்த யானைகளின் கால்களில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்ததாம். அந்தத் தடத்தைப் பின்பற்றிப் போனபோது எண்ணெய் கசியும் இடம் தெரிந்ததாம். அங்கே பள்ளம் தோண்டியவர்களைப் பார்த்து ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர், “டிக், பாய், டிக்!” (தோண்டு பையா, தோண்டு) என்று கத்தினாராம். அதுவே ஊரின் பெயராயிற்று என்பார்கள்.

கதை சுவையானதுதான். ஆனால் அறிவியல் மாணவர் இதை அப்படியே ஏற்கலாமா? 1820களிலேயே மேல் அசாமில் பயணம் செய்த ஆங்கிலேய அதிகாரிகள் எண்ணெய்க் கசிவுகளைக் குறித்து வைத்தார்கள். 1867-ல் அருகிலுள்ள மாகும் பகுதியில் துளையிட்டபோது 118 அடி ஆழத்திலேயே எண்ணெய் வந்தது. ஆகவே யானைகள் வரும் முன்பே இச்செய்தி தெரிந்திருந்தது. யானைக் கதையை ஊரின் நினைவாகப் போற்றலாம். கண்டுபிடிப்பின் சான்றாகக் கொள்ள முடியாது.

கவிழ்த்த சட்டியின் கீழே

எண்ணெய் பூமிக்கடியில் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறையில் உள்ள நுண்ணிய துளைகளில், ஈரமான செங்கல்லில் நீர் இருப்பதைப் போல இருக்கிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது. எனவே பாறைத் துளைகளில் உள்ள நீரின் மேல் மிதந்து மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. வழியில் களிமண் பாறை குறுக்கிட்டால் அங்கே நின்றுவிடும். அந்தப் பாறை அடுக்குகள் கவிழ்த்து வைத்த சட்டியைப் போல வளைந்திருந்தால் எண்ணெய் அதற்குள் சிறைப்படும். டிக்பாயின் அடியில் இத்தகைய மடிப்பு ஒன்று உள்ளது. பாறையில் வெடிப்பு இருந்த இடங்களில் எண்ணெய் வெளியே கசிந்தது.

சேலத்திற்கு அருகே கொண்டப்பநாயக்கன்பட்டியில் கிணறு வெட்டினால் எண்ணெய் வருமா? வராது. சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருவான கெட்டியான பாறைகளால் ஆனவை. எண்ணெய்க்கு வேண்டியவை கடலிலும் ஆற்றிலும் வண்டல் படிந்து உண்டான படிவுப் பாறைகள். ஆகவேதான் தமிழ்நாட்டில் எண்ணெய் காவிரிப் படுகையில், நாகப்பட்டினம் அருகே நரிமணம் போன்ற இடங்களில் கிடைத்தது.

எழுச்சி

டிக்பாயின் முதல் கிணற்றை 1889 செப்டம்பரில் துளையிடத் தொடங்கி, 1890 நவம்பரில் 662 அடி ஆழத்தில் முடித்தனர். 1899-ல் அசாம் எண்ணெய்க் கம்பெனி உருவாயிற்று. 1901 டிசம்பர் 11-ஆம் நாள் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. கச்சா எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள பொருள்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் ஆவியாகும். அவற்றைத் தனித்தனியே குளிர்வித்துப் பிரிப்பதே ஆலையின் வேலை. மோட்டார் வண்டிகள் அரிதாக இருந்த அக்காலத்தில் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மெழுகுக்குமே கிராக்கி மிகுதி.

இரண்டாம் உலகப் போரின்போது உற்பத்தி உச்சத்தை எட்டி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 7000 பீப்பாய் ஆயிற்று. ஒரு பீப்பாய் 159 லிட்டர். அப்படியானால் ஒரு நாள் எண்ணெய் எத்தனை லிட்டர்? கணக்கிட்டுப் பாருங்கள்!

ஏன் குறைந்தது?

கோலி சோடாவைத் திறந்தால் பொங்கி வழிகிறது. சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. உள்ளே கரைந்திருந்த வாயு வெளியேறியதே காரணம். எண்ணெய்க் கிணறும் அப்படித்தான். ஆழத்திலுள்ள அழுத்தமும் எண்ணெயில் கரைந்த வாயுவும் அதை மேலே தள்ளுகின்றன. அழுத்தம் குறையக் குறைய விளைச்சலும் குறைகிறது. பெரும் பகுதி எண்ணெய் பாறைத் துளைகளிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. 1953-ல் நாகர்கட்டியாவில் புதிய வயல் கண்டுபிடிக்கப்பட்ட பின் டிக்பாய் முதலிடத்தை இழந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள பிட்ஹோல் என்ற ஊர் 1865-ல் எண்ணெயால் பிறந்தது. சில மாதங்களில் சுமார் 15,000 பேர் குடியேறினர். 1870 கணக்கெடுப்பில் எஞ்சியவர் 237 பேர். இன்று அங்கே வீடுகள் இல்லை. தெருக்கள் இருந்த இடத்தில் புல்லை வெட்டிப் பாதை காட்டுகிறார்கள்.

டிக்பாய்க்கு அந்தக் கதி நேரவில்லை. 1981-ல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கைக்கு வந்த ஆலை, பிற வயல்களின் எண்ணெயைக் கொண்டு தொடர்ந்து இயங்கி வருகிறது. முதல் கிணறு இருந்த இடத்தையொட்டி நூற்றாண்டு அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது.

எதைப் போற்றுவது?

பழைய இயந்திரங்களையும் பங்களாக்களையும் காப்பது எளிது. காட்டை வெட்டியவர்கள், துளையிட்டவர்கள், கொதிகலன் முன் நின்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் எளிதில் மறைந்துவிடும். 1939-ல் டிக்பாய்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. இதையும் சொன்னால்தான் ஊரின் வரலாறு முழுமையாகும்.

சேலத்து மாணவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. எஃகு உலைகளுக்குள் பதிக்கும் வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கு உதவும் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், சேலத்தில் நூறாண்டுக்கும் மேலாக வெட்டப்பட்டது. அதில் உழைத்த தாத்தா பாட்டிமார் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்கள் செய்த வேலை, பயன்படுத்திய கருவி, வாங்கிய கூலி, வேலை பார்த்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும் பழைய ஆவணங்களோடும் ஒப்பிடுங்கள். கிணறு வற்றினாலும் ஆவணம் இருக்கும். சொல்ல வேண்டியவர்கள் மறைந்துவிட்டால் பிறகு கேட்க முடியாதல்லவா?