கப்பலைத் தள்ளும் பெட்டி

புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, கப்பல் முன்னால் போகிறது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் புரொப்பெல்லர் வாங்கும் எதிர் உந்தல் கப்பலின் உடலுக்கு எந்த இடத்தில் போய்ச் சேருகிறது? ஷாஃப்ட் வழியே அப்படியே இன்ஜினுக்குள் புகுந்தால் கிராங்க் ஷாஃப்ட் நகர்ந்து நாசமாகிவிடும். நடுவில் நின்று அந்த விசையை வாங்கி, கப்பலின் அடித்தளத்தில் இறக்குவதுதான் த்ரஸ்ட் பேரிங் என்ற பெட்டி.

மேல்மூடியைக் கழற்றினால் முதலில் தெரிவது காலர். ஷாஃப்ட்டோடு ஒரே துண்டாக அடித்து உருவாக்கிய கனமான வட்டத்தட்டு அது. அதன் இரு முகங்களுக்கும் எதிரே பேடுகள் எனும் உலோகத் துண்டுகள் வரிசையாக நிற்கும். கப்பல் முன்னே போகும்போது முன்பக்கத்துப் பேடுகளும், பின்வாங்கும்போது பின்பக்கத்துப் பேடுகளும் சுமை தாங்கும்.

ஒரு பேடைக் கையில் எடுத்துப் பாருங்கள். காலரைப் பார்க்கும் முகத்தில் வெள்ளீயக் கலவையான ஒயிட் மெட்டல் பூசியிருக்கும். தேய நேர்ந்தால் இந்த மெத்தென்ற உலோகம் தேயட்டும், காலர் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. திருப்பினால் முதுகில் ஒரு மேடு. பார்வைக்கு அற்பமான அந்த மேடுதான் இந்த இயந்திரத்தின் உயிர். பேடு இறுக்கிப் பூட்டப்படாமல் அந்த மேட்டின்மேல் லேசாகச் சாய்கிறது. காலர் சுழலும்போது எண்ணெய் அந்தச் சாய்வால் உண்டான இடைவெளியின் அகன்ற வாயில் நுழைந்து குறுகிய முனைக்கு நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கடியில் எழும் அழுத்தம் கப்பலின் முழு உந்தலையும் சுமக்கிறது. எண்ணெய்ப் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. வேகமெடுத்து ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எண்ணெய்ப் படலத்தில் எழும் இந்த அழுத்தத்துக்கான கணக்கை 1886-லேயே எழுதிவிட்டார். அதைப் பயன்படுத்தி மெல்பர்ன் பொறியாளர் மிட்செல் சாயும் பேடு பேரிங்குக்கு 1905-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கப் பொறியாளர் கிங்ஸ்பரி தனியே இதே முடிவுக்கு வந்தார். அதற்கு முந்தைய கப்பல்களில் ஷாஃப்ட் நெடுகப் பல காலர்கள் இருக்கும். சாயாத தட்டுகளுக்கிடையே எண்ணெய் சரியாக நிற்காமல் சூடேறிக்கொண்டே இருக்கும்.

மற்ற உறுப்புகளை எளிதில் அடையாளம் காணலாம். காலரின் விளிம்பு அடித்தொட்டியில் தோய்ந்து அள்ளிவரும் எண்ணெயை மேலே இருக்கும் ஸ்கிரேப்பர் வழித்துப் பேடுகளுக்குக் கொடுக்கும். தொட்டிக்குள் ஓடுவது குளிர்விக்கும் குழாய்ச்சுருள். இரு முனைகளிலும் உள்ள ஜர்னல் பேரிங்குகள் ஷாஃப்ட்டின் எடையை மட்டும் தாங்குகின்றன. பெரிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் இந்தத் தனிப்பெட்டியைத் தேட வேண்டாம். இன்ஜினின் பின்முனையிலேயே அடங்கியிருக்கும்.

இடைவெளியை அளக்கப் போகும் பயிற்சியாளர்களுக்கு ஒரு வார்த்தை: பேடுக்கும் காலருக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகாதீர்கள், ஒயிட் மெட்டலில் கீறல் விழும். ஷாஃப்ட்டை ஜாக்கி வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, நகர்ந்த தூரத்தை டயல் கேஜில் படியுங்கள்.