பொருளுக்குள் ஒரு சபை

ஓஸ்லோ நகரத்துச் சுரங்க ரயில் பாதையில் ‘ஸ்டூர்டிங்’ என்றொரு நிலையம் இருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் அந்தப் பெயருக்குப் பொருள் தேடினால் கொஞ்சம் திகைத்துப்போவார். ‘ஸ்டூர்’ என்றால் பெரிய. ‘டிங்’ என்பது ஆங்கிலத்தின் ‘திங்’ என்ற அதே சொல். அப்படியானால் இது ‘பெரிய பொருள்’ நிலையமா? படியேறி வெளியே வந்தால் மஞ்சள் செங்கல்லில், வளைந்த முகப்போடு ஒரு கட்டடம் நிற்கும். 169 உறுப்பினர்கள் உட்காரும் நார்வே நாடாளுமன்றம் அது.

நார்வேயோடு இது நிற்கவில்லை. டென்மார்க்கின் நாடாளுமன்றம் ‘ஃபோல்கெடிங்’, மக்களின் திங். ஐஸ்லாந்தில் ‘ஆல்திங்கி’; எல்லோருக்குமான திங். ஃபேரோ தீவுகளில் ‘லோக்டிங்’, சட்டத்தின் திங். வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் நார்வேயில் தங்களுக்கென 1989இல் ஒரு மன்றம் பெற்றபோது, அதற்கும் நார்வே மொழியில் ‘சாமெடிங்’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் நிலைமையைப் பாருங்கள். மேஜைமேல் கிடக்கும் பேனா ஒரு ‘திங்’. பெயர் மறந்துபோன திருகாணி ஒரு ‘திங்’. மனத்தை உறுத்தும் கவலையும், நேற்று கேட்ட வதந்தியும்கூட ‘திங்’தான். பெயர் நினைவுக்கு வராதபோது நாம் “அதாம்பா, அது…” என்று விரலைச் சொடுக்குவோமே, அந்த இடத்தில் ஆங்கிலேயருக்குக் கைகொடுக்கும் சொல் இது.

இப்படி ஒன்றுக்கும் உதவாத ஒரு சொல், நாடாளுமன்றத்தின் பெயராக எப்படி உயர்ந்தது என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேள்வியே தலைகீழ். முதலில் இருந்தது சபை. பேனாவும் திருகாணியும் பிறகு வந்தவை.

நாள் குறித்துக் கூடியவர்கள்

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள் எல்லாம் ஜெர்மானியக் குடும்பத்து உடன்பிறப்புகள். அவற்றின் பொதுத் தாய்மொழியில் இந்தச் சொல்லுக்குக் ‘கூட்டம்’ என்பது பொருள். அதற்கும் முன்னால் ‘குறித்த காலம்’ என்ற கருத்து இருந்திருக்கும் என்பது பல மொழியியலாளர்கள் ஏற்கும் விளக்கம். மறைந்துபோன காதிக் மொழியில் இதன் உறவுச் சொல் ஒன்று ‘காலம்’ என்ற பொருளிலேயே வருகிறது. நாள் குறித்து, அந்த நாளில் கூடுவதுதான் ‘திங்’.

அந்தக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிய ‘ஜெர்மானியா’ நூலில் சொல்கிறார். சொல்லைக் குறிப்பிடவில்லை, காட்சியைத் தருகிறார். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். ஆயுதத்தோடுதான் உட்காருவார்கள். பூசாரி அமைதி காக்கச் சொல்வார். பேசியவரின் கருத்து பிடிக்காவிட்டால் முணுமுணுப்பு. பிடித்தால் ஈட்டிகளைத் தட்டி ஓசை. கூடவே அவருக்கு ஒரு குறை: அழைத்தவுடன் எல்லோரும் வந்துவிடுவதில்லை, ஆள் சேருவதற்குள் இரண்டு மூன்று நாள் வீணாகிறது!

சொல்லுக்கான சான்று கல்லில் கிடைத்தது. இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் 1883இல் பலிபீடக் கற்கள் கண்டெடுக்கப்பட்டன. ரோமானியப் படையில் கூலிக்குப் போர்புரிந்த ஜெர்மானிய வீரர்கள் 3ஆம் நூற்றாண்டில் நட்டவை. ‘மார்ஸ் திங்ஸஸ்’ என்ற கடவுளை அவற்றில் ஒன்று வணங்குகிறது. சபைக்குக் காவலாக நின்ற போர்க்கடவுள் என்று அதைப் படிக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமைக்கு ‘டீன்ஸ்டாக்’ என்ற பெயர் வந்ததும் இந்தத் திங்ஸஸால்தான் என்பது பரவலான கருத்து. ரோமானியரின் மார்ஸ் கிரகம் நமக்கும் செவ்வாய் என்பதால், கிழமை சரியாகப் பொருந்திவிடுகிறது.

பாறைமேல் நின்ற சட்டம்

இந்தச் சொல்லுக்கு முழு உருவம் கொடுத்த இடம் ஐஸ்லாந்து. நார்வேயிலிருந்து கடல் தாண்டிக் குடியேறியவர்கள் 930இல் ஆல்திங்கியைத் தொடங்கினார்கள். கூடிய இடம் திங்வெட்லிர். ‘சபைத் திடல்’ என்று தமிழில் சொல்லலாம். வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் பிளவு அந்த வழியாகத்தான் போகிறது. பூமி பிளக்கும் இடத்தில் ஜனங்கள் கூடினார்கள்.

கூரை கிடையாது, சுவர் கிடையாது. கோடையில் இரண்டு வாரம் போல, தீவின் நான்கு மூலையிலிருந்தும் குதிரையேறி வந்து கூடாரம் அடிப்பார்கள். ‘சட்டப் பாறை’ என்ற மேட்டில் ‘சட்டம் சொல்பவர்’ ஏறி நிற்பார். எழுதிவைத்த சட்டம் இல்லாத காலம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில், தன் மூன்றாண்டுப் பதவிக்குள் முழுச் சட்டத்தையும் அவர் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். 1117ஆம் ஆண்டு குளிர்காலத்தில்தான் சட்டத்தைத் தோலில் எழுதத் தொடங்கினார்கள்.

கி.பி. 1000ஐ ஒட்டி இந்தத் திடலில் நடந்த ஒரு வழக்கை ஐஸ்லாந்துக் குழந்தைகள்கூடச் சொல்வார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களும் பழைய தெய்வங்களை விடாதவர்களும் ஆயுதம் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். முடிவு சொல்லும் பொறுப்பு சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் வந்தது. அவரே பழைய சமயத்தவர். கூடாரத்துக்குள் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் யாரோடும் பேசாமல் படுத்திருந்தார். எழுந்துவந்து, நாடு ஒரே சட்டத்தின்கீழ் இருக்க வேண்டும், எல்லோரும் கிறிஸ்தவர்களாகட்டும் என்றார். பழைய தெய்வங்களுக்கு வீட்டுக்குள் ரகசியமாகப் பலியிடுவதற்கும், குதிரை இறைச்சி உண்பதற்கும் அப்போதைக்கு விலக்கும் தந்தார். ரத்தம் சிந்தாமல் கூட்டம் கலைந்தது.

1800இல் கலைக்கப்பட்ட ஆல்திங்கி, 1845இல் ரெய்க்யாவிக்கில் மறுபடி கூடியது. ஆனாலும் 1944 ஜூன் 17 அன்று ஐஸ்லாந்து தன்னைக் குடியரசாக அறிவித்தபோது, ஜனங்கள் மழையில் நனைந்தபடி அந்தப் பழைய திடலுக்கே போனார்கள்.

எலும்பு எறிந்த சபை

இங்கிலாந்திலும் ‘திங்’ ஒருகாலத்தில் சபைதான். 7ஆம் நூற்றாண்டில் கெண்ட் மன்னர்கள் வெளியிட்ட சட்டத்தில் வழக்கு விசாரிக்கும் கூட்டத்துக்கு இந்தச் சொல் வருகிறது. பிறகு வைக்கிங்குகள் படையெடுத்துவந்து குடியேறியபோது தங்கள் சபைகளையும் கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் அவற்றின் தடம் இன்னும் அழியவில்லை. ஸ்காட்லாந்தின் டிங்வால், ஷெட்லாந்தின் டிங்வால், லிவர்பூல் பக்கத்துத் திங்வால் ஆகிய மூன்றும் ஐஸ்லாந்தின் திங்வெட்லிருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: சபைத் திடல்.

அவர்கள் கொண்டுவந்த இன்னொரு சொல் ‘ஹூஸ்திங்’. ‘வீட்டுச் சபை’ என்று அர்த்தம். எல்லா மக்களும் கூடுவது அல்ல, தலைவன் தன் ஆட்களை மட்டும் கூட்டுவது. ஆங்கில வரலாற்றுக் குறிப்பில் அந்தச் சொல் கோரமான ஒரு காட்சியோடு வருகிறது. 1012 ஏப்ரலில் கேன்டர்பரி பேராயர் ஆல்ஃபெயாவை டேனியப் படை கிரீனிச்சில் சிறை வைத்திருந்தது. தன்னை மீட்க யாரும் பணம் தரக்கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். குடிபோதையில் இருந்த வீரர்கள் அவரைத் தங்கள் ஹூஸ்திங்குக்கு இழுத்துப்போய், எலும்புகளாலும் மாட்டுத் தலைகளாலும் அடித்துக் கொன்றார்கள்.

அந்தச் சொல் பிறகு லண்டனில் ஒரு நீதிமன்றத்தின் பெயரானது. அப்புறம் அங்கே நீதிபதிகள் உட்காரும் மேடையைக் குறித்தது. அப்புறம் தேர்தலில் வேட்பாளர்கள் ஏறி நின்று பேசும் மேடை. 1872இல் ரகசிய வாக்களிப்புச் சட்டம் வரும்வரை, அந்த மேடைமுன் நின்றுதான் வாக்காளர்கள் தங்கள் வாக்கை வாய்விட்டுச் சொன்னார்கள். மேடை போய்விட்டது, பெயர் போகவில்லை. நம் நாட்டில் தேர்தல் வந்தால் ஆங்கிலப் பத்திரிகைகளின் தலைப்புகளில் ‘ஹஸ்டிங்ஸ்’ என்று அடிக்கடி பார்க்கிறோமே, அது இந்த வைக்கிங் வீட்டுச் சபைதான்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆட்சியின் சொற்கள் பிரெஞ்சிலிருந்து வரத் தொடங்கின. ‘பேசுதல்’ என்ற பிரெஞ்சு வேரிலிருந்து ‘பார்லிமென்ட்’ வந்து உட்கார்ந்துகொண்டது. சபை என்ற வேலை பறிபோன ‘திங்’, தன்னிடம் மிச்சமிருந்த மற்ற அர்த்தத்தை வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது.

வழக்கிலிருந்து வஸ்து

அந்த மற்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது? சபை என்றால், அங்கே பேச ஏதாவது விஷயம் இருக்கும். ஒருவன் பசுவைத் திருடினான், இன்னொருவன் வேலியை நகர்த்தினான். ‘திங்குக்குப் போனது’ என்றால் சபைக்குப் போனது என்றும் கொள்ளலாம், வழக்கானது என்றும் கொள்ளலாம். இப்படிச் சபையின் பெயர் வழக்கின்மேல் ஒட்டியது. வழக்கிலிருந்து விஷயம், விஷயத்திலிருந்து எதுவாக இருந்தாலும் சரி என்று இறங்கியது.

இந்த இறக்கம் ஜெர்மானியர்களின் தனிச்சொத்து இல்லை. லத்தீனில் ‘காவ்ஸா’ என்றால் நீதிமன்ற வழக்கு. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அது ‘கோஸா’ ஆகி, பொருள் என்றானது; பிரான்சில் ‘ஷோஸ்’. ஆங்கிலேயர் ‘கடவுளுக்காகவாவது’ என்று கெஞ்சும்போது சொல்லும் ‘சேக்’ என்ற சொல்லும் ஆதியில் வழக்கு என்றே பொருள்பட்டது. அதன் உறவான நார்வேச் சொல் ‘ஸாக்’, இன்றும் வழக்கையும் விஷயத்தையும் சேர்த்தே குறிக்கிறது.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஐவர் கூடித் தீர்ப்புச் சொன்ன சபை பஞ்சாயத்து. இன்றைக்கு “அந்த வீட்டில் தினமும் ஒரே பஞ்சாயத்து” என்றால் அங்கே சபை கூடுவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சண்டை நடக்கிறது என்று புரிந்துகொள்கிறோம். தீர்க்க வந்த இடத்தின் பெயர் தீர்க்க வேண்டிய தகராறின்மேல் ஏறிவிட்டது. “என்ன சங்கதி?” என்று விசாரிக்கிறோம், வடமொழியில் ‘சங்கதி’யின் வேர்ப்பொருள் ஒன்றுசேர்தல்.

யாரிடம் எது தங்கியது?

ஒரே சொத்தை உடன்பிறப்புகள் வெவ்வேறாகப் பங்கு பிரித்துக்கொண்டதை இங்கே பார்க்கலாம். டேனிஷிலும் நார்வேயிலும் இரண்டு அர்த்தங்களும் உயிரோடிருக்கின்றன. பால் வேறுபாடுதான் பிரித்துக்காட்டும்: ‘என் டிங்’ என்றால் ஒரு பொருள், ‘எட் டிங்’ என்றால் ஒரு சபை. ஸ்வீடனில் நாடாளுமன்றத்துக்கு ‘ரிக்ஸ்டாக்’ என்ற வேறு பெயர்; ஆனால் மாவட்ட நீதிமன்றம் இன்றும் ‘டிங்ஸ்ரெட்’. ஐஸ்லாந்தில் ‘திங்’ என்றால் பெரும்பாலும் சபையும் மாநாடும்தான். சாதாரணப் பொருளுக்கு அவர்கள் சொல்வது ‘லூதுர்’. பங்கு என்ற பழைய அர்த்தத்திலிருந்து வந்த சொல்.

ஒலியின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ‘த்’ ஒலி நார்வே, டென்மார்க், ஸ்வீடனில் ‘ட்’ ஆகிவிட்டது. அந்த ஒலியை அப்படியே காப்பாற்றியவை ஆங்கிலமும் ஐஸ்லாந்தியமும். அதாவது ஆங்கிலேயர் ஒலியைக் காத்துப் பொருளைத் தொலைத்தார்கள். ஸ்காண்டிநேவியர் ஒலியைத் தொலைத்துப் பொருளைக் காத்தார்கள். இரண்டையும் விடாமல் வைத்திருப்பது ஐஸ்லாந்து ஒன்றுதான்.

அகராதி எழுதி யாரும் இதைக் காப்பாற்றவில்லை. எங்கே ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூடிக்கொண்டே இருந்தார்களோ, அங்கே பொருள் தங்கியது. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவு இதற்குச் சாட்சி. அங்கே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் நாடாளுமன்றத்தின் பெயர் டின்வால்ட், அதே சபைத் திடல். வழக்கமாக ஜூலை 5ஆம் தேதி செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில், நான்கு அடுக்கு மண்மேட்டின்மேல் உறுப்பினர்கள் கூடுவார்கள். புதிய சட்டங்களின் சாரத்தை ஆங்கிலத்திலும் தீவின் மாங்ஸ் மொழியிலும் வெளிப்படையாக வாசிப்பார்கள். ஒப்புதல் பெற்ற சட்டத்தை 18 மாதத்துக்குள் இப்படி அறிவிக்காவிட்டால் அது செல்லாமல் போகும்.

டென்மார்க்கில் வீடு வாங்குபவரும் இந்தப் பழைய சபையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாம் பத்திரப்பதிவு என்பதற்கு அவர்கள் சொல் ‘டிங்லூஸ்னிங்’. சபையில் கூவி அறிவித்தல் என்று அர்த்தம். ஒருகாலத்தில் நிலம் கைமாறியதை ஊர்ச்சபையில் உரக்கச் சொல்வார்கள், கேட்டவர்களே சாட்சி. இன்று யாரும் கூவுவதில்லை. ஹோப்ரோ என்ற சிற்றூரில் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருக்கிறது; 2009 முதல் கணினி வழியாகவே பதிவு நடக்கிறது. ஆனால் அந்தப் பதிவைச் செய்யாமல் விட்டால், நாளை மூன்றாவது ஆள் ஒருவர் உரிமை கேட்டு வந்து நிற்கும்போது உங்கள் கையில் பிடிமானம் இருக்காது.

செங்கல்லும் சிமென்ட்டுமாகக் கண்முன் நிற்கிற வீடு, ஆங்கிலக் கணக்கில் கெட்டியான ஒரு ‘திங்’. டேனியர் கணக்கில் அது போதாது. ‘டிங்’கில் சொன்ன பிறகுதான் அந்த ‘டிங்’ உங்களுடையது.