பயத்தின் பின்னால் வரும் சோர்வு

பயம் எமக்குப் புதியதல்ல. ஷெல் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள் நாங்கள். அந்தப் பயத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும், ஒரு காரணமும் இல்லாமல் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் விறைத்து, சாகப் போகிறேன் என்று தோன்றினால் அதை என்னவென்பது? எனக்கு இது பல தடவை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜி. எடுத்து, இரத்தமும் சோதித்தார்கள். இருதயத்தில் குறை இல்லை. இது பீதி நோய் என்று வைத்தியர் விளக்கினார். ஆபத்து இல்லாத வேளையிலும் உடம்பு அபாயச் சங்கை ஊதிவிடுகிறது. அநேகமாகப் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு தானாகவே தணிந்துவிடும்.

இந்த நோயுள்ள பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. அது எப்படி வருகிறது என்பதை நான் அனுபவித்து அறிந்தேன். பஸ்ஸில் ஒருமுறை படபடப்பு வந்ததால் பஸ் பயணம் நின்றது. பிறகு சந்தை, கோயில், கடைசியில் அக்கா வீடும் நின்றது. வீட்டுக்குள்ளேயே இருந்ததால் படபடப்புக் குறைந்தது. "இப்ப சுகம்தானே" என்றார்கள் அயலவர்கள். ஆனால் விடியப்புறம் 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். சோறு இறங்காது. தையல் மெசினைத் தொட மனம் வராது. நான் இருந்தென்ன என்ற எண்ணமும் வந்தது. நோய் குறையவில்லை, வாழ்க்கைதான் குறுகியிருந்தது.

இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. பயம் வெளியே போகவிடாது. சோர்வோ, போய்த்தான் என்ன என்று கேட்கும். கிளினிக்குக்குப் போகவும் மனம் வராது. ஆகவே வைத்தியரிடம் படபடப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நித்திரை, பசி, எதிலும் விருப்பமின்மை, சாகும் எண்ணம், யுத்தக் காட்சிகள் கனவில் வருவது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சேர்ட்ரலின், புளுவொக்செடின் போன்ற மருந்துகள் இரண்டையும் தணிக்கக்கூடியவை. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். முதல் நாட்களில் படபடப்புச் சற்றுக் கூடலாம் என்பதால் சிறிய அளவில் தொடங்குவார்கள். சுகம் வந்ததும் தாமாக நிறுத்தக் கூடாது. டயசிபாம் போன்ற குளிசைகள் விரைவில் அமைதி தரும். ஆயினும் தொடர்ந்து எடுத்தால் அவை இல்லாமல் இருக்க முடியாத நிலை வரலாம்.

மருந்தோடு உளவளத்துணையும் உதவும். விலக்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பப் பழக்குவார்கள். நான் முதலில் படலை வரை போனேன். பிறகு ஒழுங்கை முடக்கு, பிறகு ஒரு தரிப்பிடம் வரை பஸ். படபடப்பு வந்தாலும் திரும்பி ஓடாமல், அது தணியும் வரை அங்கேயே நிற்கப் பழகினேன். இன்றும் சில நாட்களில் நெஞ்சு படபடக்கும். ஆனாலும் சந்தைக்குப் போகிறேன், தைக்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குச் சிகிச்சை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். சாகும் எண்ணம் வந்தால் தனியே இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926 இற்கு அழையுங்கள். சகோதரிகளே, வீட்டை விட்டு வெளிவராத ஒரு பெண் உங்கள் அயலில் இருந்தால், அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாமல், கிளினிக்குக்குக் கூடவே போய் வாருங்கள்.