எதிர்காற்றுக்கு ஒரு முதுகு

ஆடி மாதத்தில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் பக்கமாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு யாரும் இயற்பியல் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவனுக்கு மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவன் கதை பேசிக்கொண்டே வருவான். சாலைச் சைக்கிள் பந்தயம் என்ற தொழிலே இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பலத்தில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிவிடும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெருங்கூட்டத்தின் நடுவில் புகுந்துகொண்டால் இன்னும் அதிகம். அதனால்தான், தான் ஜெயிக்காமல் இன்னொருவரை ஜெயிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இந்த விளையாட்டில் இருக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'தொமெஸ்தீக்'. வீட்டு வேலையாள் என்று பொருள். 1903-ல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டிக்கொள்ளத் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் இன்று மூன்று வாரத்தில் 21 கட்டங்களாக, சுமார் 3,400 கிலோமீட்டர் ஓடுகிறது. அணிக்கு எட்டுப் பேர். வெயில் ஏறியதும் அதில் ஒருவர் வேகத்தைக் குறைத்து, பின்னால் வரும் அணியின் காரை எட்டிப்பிடித்து, தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சட்டையின் முதுகுப் பையிலும் கழுத்துக்குள்ளும் திணித்துக்கொண்டு, கூன் விழுந்தவர் போல மறுபடி முன்னால் மிதித்துப்போய்ப் பங்கிட்டுக் கொடுப்பார். ஒட்டுமொத்த வெற்றியாளருக்கான ஐந்து லட்சம் யூரோ பரிசைக்கூடத் தலைவர் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். பிழைப்பு பரிசில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. அதுவும் மேல்மட்ட அணிகளில்தான். மூன்றாம் மட்டமான 'கான்டினென்டல்' அணிகளுக்குச் சர்வதேச சைக்கிள் சங்கம் குறைந்தபட்சச் சம்பளம் எதுவும் விதிக்கவில்லை. பெண்களின் மேல்மட்ட அணிகளுக்கே 2020-ல்தான் அப்படி ஒரு வரம்பு வந்தது.

டூர் டி பிரான்ஸில் இதுவரை ஒரு இந்தியர்கூட ஓடியதில்லை. ஏன் என்று கேட்டால் உடம்பு, மலை, பணம் என்று மூன்று பதில் தயாராக இருக்கும். உடம்பு என்பது பொய். 2019-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆன் டெர் ஓடரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் அணி ஸ்பிரின்ட்டில் தங்கம் வாங்கினார்கள். ஆனால் அது சாலையில் அல்ல, வளையத் தடத்தில். 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கட்டிய தடம் நிலைத்து நின்றது. அங்கே பயிற்சியும் வளர்ந்தது. அதே போட்டிக்காக அடைத்த சாலைகளை மறுநாளே திறந்துவிட்டார்கள். மலைக்கும் நமக்குப் பஞ்சமில்லை. டூர் டி பிரான்ஸ் 1910-ல் முதன்முதலாக ஏறிய டூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். நம் கொடைக்கானலும் ஏறக்குறைய அவ்வளவுதான். டூர்மலேயில் ஏற்றம் செங்குத்து. நம்முடையது நீளம், சாய்வு குறைவு. பழகிக்கொள்ள அது வசதி என்றே சொல்வேன்.

பணம் என்ற பதிலை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. பந்தய சைக்கிள் லட்சங்களில் விற்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் கேரியர் வைத்த விலையில்லா சைக்கிளில் யாரும் உலகப் போட்டிக்குப் போக முடியாது. ஆனாலும் நம்மைவிட ஏழை நாடான எரித்திரியா இடிக்கிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நாட்டின் பினியாம் கிர்மாய் 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையோடு ஊர் திரும்பினார். சுவிட்சர்லாந்தில் உள்ள உலக சைக்கிள் மையமும் பிறகு ஐரோப்பிய அணிகளும் அவரைத் தீட்டின என்பது உண்மைதான். தீட்டுவதற்கு ஆள் கிடைத்தது எப்படி? இத்தாலியர் விட்டுப்போன பழக்கத்தை அந்த மக்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய நாட்டுப் பந்தயம் முதலில் நடந்தது 1946-ல்.

நமக்கு இல்லாதது கூட்டம். நூற்றைம்பது பேர் தோளோடு தோள் உரசி வளைவில் திரும்பும்போது யார் சக்கரத்தைப் பிடிப்பது, எப்போது விலகுவது என்பதை வாரம் தவறாமல் பந்தயம் ஓடித்தான் கற்க முடியும். பெங்களூரின் நவீன் ஜான் 2016-ல் ஆஸ்திரேலியாவின் ஒரு கான்டினென்டல் அணியில் இடம்பிடித்தார். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த அவர் தேசிய சாம்பியன் ஆனது 'டைம் டிரையல்' பிரிவில். அதாவது கடிகாரத்தோடு தனியாக ஓடும் பந்தயத்தில். நம் ஊரில் தனியாகத்தானே பழக முடியும்!

ரயில்வே, ராணுவ வேலை கிடைக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்றாம் மட்ட ஐரோப்பிய ஒப்பந்தத்தைவிட அது எவ்வளவோ மேல். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே பந்தயம் வேலைக்கான தேர்வாகிவிடுகிறது. தேர்வை யாரும் வாராவாரம் எழுத மாட்டார்கள். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஊர்த் திருவிழா அன்று தெருக்களைச் சுற்றிச் சுற்றிப் பந்தயம் நடக்கும். அதற்கு 'கெர்மெஸ்' என்று பெயர். அங்கே தொழில் கற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதுதான். நம்மிடமும் திருவிழா இருந்தது, சைக்கிளும் இருந்தது. மைதானத்தில் கம்பம் நட்டு, இரவும் பகலும் இறங்காமல் சைக்கிள் விட்டவர்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் நன்றாக அறியும். குளியலும் சாப்பாடும் சைக்கிள் மேலேயே; சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். காசுக்குச் சைக்கிள் ஓட்டிய தொழில்காரர் அவர். ஆனால் வட்டத்தில் அவர் ஒருவர்தான்.

நெடுஞ்சாலையை யார் அடைத்துத் தருவார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும்போது இதே சாலையின் ஓரம் நாள்கணக்கில் நடப்பவர்களுக்கு உரியதாகிறது. கெர்மெஸுக்கு அவ்வளவுகூட வேண்டாம். கன்னிவாடிப் பக்கம் ஆறேழு கிலோமீட்டரில் சுற்றிவரும் ஒரு கிராமச் சாலை, ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை, கூடவே முப்பது சைக்கிள்.