உரோசாக் கல்லும் போஞ்சிப் பாத்தியும்
(மங்கனீசுச் சிலிக்கேற்றுக் கனிப்பொருள்கள் பற்றிக் கமக்காரர்க்கு ஒரு விளக்கம்)

மங்கனீசு என்னும் உலோகம் மிகச் சிறிய அளவிலேனும் பயிர்களுக்கு இன்றியமையாதது என்பதைக் கமக்காரர் பலர் இப்பொழுது அறிந்துள்ளனர். அவ்வறிவோடு கூடவே தவறான எண்ணமொன்றும் சிலரிடத்துக் காணப்படுகின்றது. மங்கனீசு மிகுந்த கல் எதுவாயினும் அதனை இடித்துத் தூளாக்கி நிலத்தில் இட்டாற் பயிர் தேறிவிடும் என்பதே அவ்வெண்ணமாகும். அது ஏன் பொருந்தாது என்பதை, அத்தகைய கல்லொன்றின் இயல்பிலிருந்தே தொடங்கி இங்கு விளக்குவோம்.

வெள்ளவத்தை என்னும் பெயர் மணற்றோட்டம் எனப் பொருள்படுவது. அங்கு மகள் வீட்டுக்கு வந்திருந்த வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர், மகளின் கழுத்தணியிற் கிடந்த கல்லொன்றை என்னிடம் காட்டினார். இளஞ்சிவப்பு நிறம், இடையிடையே கறுப்பு நரம்புகள், காலி வீதிக் கடையொன்றில் வாங்கியது. அவர் கேட்டார்: “தம்பி, இதுக்குள்ளை நூற்றுக்கு நாற்பது பங்கு மங்கனீசு எண்டு சொல்லுகினம். இதை இடிச்சுப் போட்டால் என்ரை போஞ்சி தேறாதோ?” அவருடைய போஞ்சி இரண்டு போகமாக மஞ்சளித்திருந்தது. இத்தகைய கற்றூளை மூட்டையாகத் தருவதாக ஒருவர் அவருக்கு விலையும் கூறியிருந்தார். நல்வாய்ப்பாக, முற்பணம் இன்னும் கைமாறவில்லை.

அக்கல்லின் பெயர் உரோடொனைற்று. கிரேக்க மொழியில் உரோசாப்பூவைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1819ஆம் ஆண்டில் இப்பெயர் இடப்பட்டது. மங்கனீசும் சிலிக்காவும் சேர்ந்து அமைந்த இக்கல்லிற் கல்சியமும் சிறிது இரும்பும் கலந்திருக்கும். கல்சியம் கலந்த சாதாரண உரோடொனைற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 34 பங்கு மங்கனீசு உண்டு. கல்சியம் சற்றுமின்றி மங்கனீசு மட்டுமே நிரம்பியிருப்பின் 42 பங்கு வரை வரும். ஆகவே கமக்காரர் கேள்வியுற்ற கணக்கிற் பெரிய பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கின்றது.

இதன் வன்மை 5½ முதல் 6½ வரை. ஆதலாற் பேனாக்கத்தி இதனைக் கீறுவது அரிது. தன்னீர்ப்பு 3½க்குச் சற்று மேற்பட்டது; அஃதாவது அதே பருமனுள்ள நீரைவிட மூன்றரை மடங்குக்கு மேற் பாரமானது. ஏறக்குறையச் செங்கோணத்திற் சந்திக்கும் இரு திசைகளில் இது இலகுவிற் பிளவுறும். காற்றும் ஈரமும் பட்ட முகம் நாளடைவிற் கறுக்கும். நகைக்கல்லில் நாம் அழகென்று பார்க்கும் கறுப்பு நரம்புகள் இவ்வாறு கறுத்த மங்கனீசு ஒட்சைட்டேயாம். இந்நரம்புகளை மறவாதிருங்கள், பின்னர் இவற்றுக்கு வருவோம்.

இதே நிறத்தில் இன்னொரு கல்லும் உண்டு. அது மங்கனீசுக் காபனேற்று. கத்தியாற் கீறினால் அது கீறுபடும். இளஞ்சூடான அமிலத்திற் பொங்கும். உரோடொனைற்றோ அமிலத்திற் பொங்காது. இவ்வளவு கொண்டே இரண்டையும் வேறுபிரிக்கலாம். ஆனால் பைரொக்சுமங்கைற்று என்னும் அரிய கனிப்பொருளை உரோடொனைற்றிலிருந்து கண்ணாற் பிரித்தறிவது வல்லுநருக்கும் கடினம். நிறம், வன்மை, பாரம் யாவும் ஏறத்தாழ ஒன்றே. ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினாவிற் கிடைத்த கல்லைக்கொண்டு 1913இல் அது தனிக் கனிப்பொருளென விவரிக்கப்பட்டது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு கல்லின் உள்ளமைப்பில் இருக்கின்றது.

அவ்வுள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிலிக்கேற்றுக் கல் எதுவாயினும் அதன் அடிப்படை, நடுவில் ஒரு சிலிக்கன் அணுவும் அதனைச் சூழ நான்கு ஒட்சிசன் அணுக்களும் கொண்ட நான்முகி வடிவான கூறேயாம். இந்நான்முகிகள் ஒன்றோடொன்று கோக்கப்படும் முறையைக் கொண்டே சிலிக்கேற்றுகளை வகுக்கின்றனர். நான்முகிகள் தனித்தனியே நிற்க, அவற்றினிடையே மங்கனீசு அமைந்தாற் கிடைப்பது தெப்பிரோயிற்று என்னும் சாம்பனிறக் கல். தனித்த நான்முகிகளோடு மங்கனீசும் அலுமினியமும் சேர்ந்தால் இசுபெசாட்டின் என்னும் செம்மஞ்சட் கானற்றுக் கல் உண்டாகும். நான்முகிகள் மாலைபோலச் சங்கிலியாகக் கோக்கப்பட்டால் உரோடொனைற்றும் அதன் உறவினவும் தோன்றும். உரோடொனைற்றின் சங்கிலியில் ஐந்து நான்முகிகளுக்கு ஒரு முறை அதே ஒழுங்கு திரும்ப வரும். பைரொக்சுமங்கைற்றில் ஏழுக்கு ஒரு முறை வரும். ஐந்து மலருக்கொரு முடிச்சும் ஏழு மலருக்கொரு முடிச்சும் இட்ட இரு மாலைகளைத் தூரத்தில் நின்று பார்ப்பவர் வேறுபாடு காணார் அன்றோ? எட்சுக் கதிர்கொண்டே இவற்றை உறுதியாகப் பிரிப்பர். அண்மையில், 2019இல் வெளியான ஆய்வொன்று உரோடொனைற்றையே ஒரு தொகுதியாக வகுத்து, கல்சியமற்ற அரிய வகையைப் பின்லாந்திலுள்ள வித்திங்கி என்னும் இடத்தின் பெயரால் வித்திங்கியைற்று என வேறாக்கியது.

இக்கற்கள் நம் நாட்டாருக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. இரத்தினபுரியில் மாணிக்கக் குழிகள் பல வயல்களிலேயே தோண்டப்படுகின்றன. வயற் சேற்றுக்குக் கீழே ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையில் நீலமும் கோமேதகமும் பிற கற்களும் கிடைப்பதுண்டு. அவற்றோடு இசுபெசாட்டினும் சிலவேளை கிடைக்கும். கோமேதகமும் கானற்று இனமே. ஆயின் அதிற் கல்சியம் இருக்குமிடத்தில் இசுபெசாட்டினில் மங்கனீசு இருக்கும். மலைப்பாறைகள் மண்ணாகிக் கரைந்தோடிய நெடுங்காலத்திலும் இக்கல் கரையாது சரளையிற் கிடந்தது. நூற்றுக்கு 33 பங்கு மங்கனீசை உள்ளடக்கியும், தனக்கு மேலே நின்ற நெற்பயிருக்கு அதிலிருந்து சொல்லத்தக்க எதனையும் இது கொடுத்ததில்லை.

இந்தியாவின் நடுப்பகுதியில் நாகபுரி, பண்டாரா, பாலகாட் மாவட்டங்களில் மங்கனீசுப் பாறைகள் நீண்ட வலயமாகக் கிடக்கின்றன. இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த பெர்மர் என்பார் இவற்றை விரிவாக ஆராய்ந்து 1909இற் பெருநூலொன்று வெளியிட்டார். இசுபெசாட்டினும் படிகமும் சேர்ந்த பாறைக்கு, அந்நிலத்தில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் அவர் ‘கோண்டைற்று’ எனப் பெயரிட்டார். உரோடொனைற்றும் அப்பாறைகளுடன் காணப்படும். பாலகாட்டைச் சேர்ந்த திரோடி என்னும் ஊரிலிருந்து மங்கனீசுச் சிலிக்கேற்று ஒன்று 1938இல் ‘திரோடைற்று’ என விவரிக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் அப்பெயர் கைவிடப்பட்டது. ஊர்ப்பெயர் ஏட்டைவிட்டு நீங்கினும் ஊரும் கல்லும் நீங்கவில்லை. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று: பாலகாட்டும் பண்டாராவும் நெல்லுக்குப் பெயர்போன மாவட்டங்கள். சுரங்கத்தார் அங்கு பெரிதும் தோண்டி விற்பது கடினமான சிலிக்கேற்றையன்று. பிரௌனைற்று போன்ற சிலிக்கா குறைந்த கறுப்புத் தாதுக்களையும் ஒட்சைட்டுகளையுமே. உருக்காலைகளுக்கே அவை செல்கின்றன.

இனி, கறுப்பு நரம்புகளுக்கு வருவோம். சிலிக்கேற்றுக் கல் மழையாலும் காற்றாலும் சிதையும்பொழுது அதிலுள்ள மங்கனீசு விடுபடுகின்றது. ஆனால் காற்றோட்டமுள்ள, அமிலங் குறைந்த மண்ணில் அது நெடுநேரம் கரைந்த நிலையில் இராது. ஒட்சிசனோடு சேர்ந்து கறுப்பு ஒட்சைட்டாகப் படிந்துவிடும். கபுக்கல்லில் தெரியும் சில கறுப்புக் கறைகளும், சில வயல்களின் அடிமண்ணிற் காணும் மிளகு போன்ற உருண்டைகளும் இத்தகையனவே. அவ்வுருண்டையை நன்கு கழுவி, மருந்துக்கடையில் விற்கும் ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளி இட்டுப் பாருங்கள். மங்கனீசு ஒட்சைட்டாயின் வேகமாக நுரைக்கும். கழுவாத மண்ணிற் கிடக்கும் உக்கற் பொருளும் நுரைக்குமாதலாற் கழுவுதல் அவசியம்.

கமக்காரர் மனங்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஓர் எக்டேயர் நிலத்தின் மேல்மண் 15 சென்றிமீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய 2000 தொன் பாரமுடையது. மண்ணில் கிலோகிராமுக்கு 500 மில்லிகிராம் மங்கனீசு இருப்பதாகக் கொண்டால் (பல மண்களில் இதற்குக் கூடவோ குறையவோ இருக்கும்) அந்நிலத்தில் ஏற்கெனவே 1000 கிலோகிராம் மங்கனீசு கிடக்கின்றது. போஞ்சிப் பயிருக்கு வேண்டியதோ எக்டேயருக்கு ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஆயிரம் கிலோகிராமின் நடுவில் நின்றுகொண்டு ஒரு கிலோகிராமுக்காகப் பயிர் பட்டினி கிடக்குமாயின், அங்கு குறைவது மங்கனீசன்று. அதன் கரையும் தன்மையே. பூட்டிய களஞ்சியத்துள் இன்னுமொரு மூட்டையைத் தள்ளிவைத்தல் பசித்தவனுக்கு உதவாது. கற்றூள் அவ்வாறான மூட்டையே.

பூட்டுவது சுண்ணாம்பு. மண்ணின் பீ.எச். பெறுமானம் ஒன்றால் உயரின், மண்ணீரிற் கரைந்துள்ள மங்கனீசு நூறு மடங்கு வரை குறையக்கூடும் என்பது இரசாயனக் கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மேலமைந்த தோட்டங்களிலும், சுண்ணாம்புச் சாந்து இடிபாடுகள் கலந்த வெள்ளவத்தை வீட்டுத்தோட்டங்களிலும் இக்குறை தோன்ற இடமுண்டு. அமில மண்ணிற் கற்றூள் சிறிதளவு கரையலாம் என்பது உண்மையே. ஆனால் அமில மண்ணில் மங்கனீசுக் குறை தோன்றுவதே அரிது. தேவைப்படும் இடத்தில் அது கரையாது. கரையும் இடத்தில் அது தேவைப்படாது.

சேற்று வயலின் நிலைமை முற்றிலும் வேறு. நீர் நிறுத்திய வயலில் ஒட்சிசன் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசு ஒட்சைட்டையும், அதன்பின் இரும்பு ஒட்சைட்டையும் தாழ்த்துகின்றன. தாழ்த்தப்பட்ட மங்கனீசு கரைந்து வேருக்குக் கிட்டும். நெல் ஒரு தொன் விளைவதற்கு ஏறக்குறைய அரைக் கிலோகிராம் மங்கனீசு எடுத்தும் குறையின்றி நிற்பதற்கு இதுவே காரணம். தாழ்நில ஈரவலய வயல்களில் இலை செம்பழுப்பாகும் நோய் இரும்பு மிகுதியால் வருவது என்பதை நம் நாட்டு விஞ்ஞானி பொன்னம்பெரும தம் ஆசிரியர்களோடு 1955இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. மண்ணில் மங்கனீசு ஒட்சைட்டு போதியளவு இருப்பின் அது முந்தித் தாழ்த்தப்படுவதால் இரும்பு கரைவது தாமதமாகும். ஆகவே வயலிற் காணும் கறுப்பு உருண்டைகளைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

கல்லின் மறுபாதியாகிய சிலிக்காவும் நெல்லுக்கு வேண்டியதே. அதற்கும் கல் வேண்டாம். வைக்கோலை எரியாது வயலுக்குத் திருப்பிக் கொடுத்தாற் போதும்.

தோட்டப் பயிரிற் குறையை அறிவது எவ்வாறு? மங்கனீசுக் குறை இளம் இலைகளில் முதலில் தோன்றும். நரம்புகளும் அவற்றையொட்டிய பகுதியும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறும். இரும்புக் குறையில் இளம் இலையின் நரம்புகள் மட்டுமே மெல்லிய கோடுபோற் பச்சையாயிருக்க, ஏனைய பகுதி முழுவதும் வெளுக்கும். மகனீசியக் குறையும் நைதரசன் குறையும் முதிர்ந்த இலைகளிலேயே தொடங்கும். மஞ்சளித்த இலையைக் கண்டவுடன் யூரியாவை அள்ளி வீசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகையான பசளை அதற்கு ஒரு காரணம். குடிநீர்க் கிணறும் அதே தோட்டத்திற்றான் இருக்கின்றது.

மலைநாட்டின் அமில மண்ணில் மரக்கறி செய்வோர் எதிர்த்திசையில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். தேயிலை மிகுந்த மங்கனீசைத் தாங்கும், போஞ்சி தாங்காது. பீ.எச். 5½க்கு மிகவும் கீழிறங்கிய நிலத்திற் போஞ்சி இலை சுருங்கி விளிம்பு கருகினால், மண்ணைச் சோதித்து அளவறிந்து சுண்ணாம்பிடுதலே பரிகாரம்.

வலிகாமத்துக் கமக்காரருக்குக் கூறிய முறை வருமாறு. மங்கனீசுச் சல்பேற்றில் மங்கனீசு நூற்றுக்கு 32 பங்கு மட்டுமே. உரோசாக் கல்லைவிடக் குறைவு. ஆயினும் அது நீரிற் கரையும். ஓர் இலீற்றர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வடிகட்டி, வெயில் தணிந்த மாலையில் இலைகளின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். நிலத்தில் இட்டால் சுண்ணாம்பு அதனையும் பூட்டிவிடுமாதலின் இலைவழியே கொடுப்பது நன்று. முதலில் இரண்டு வரிசைகளுக்கு மட்டும் தெளித்து, அடுத்த இரண்டைத் தெளிக்காது விட்டு, வரிசை முனையில் ஒரு தடியை நட்டு அடையாளம் இடுக. மஞ்சளித்த பழைய இலை முற்றாகப் பச்சையாகும் என எதிர்பார்த்தல் ஆகாது. பத்துப் பதினைந்து நாளிற் புதிதாக விரியும் இலைகளையே நோக்குக. தெளித்த வரிசையிற் புதிய இலை பச்சையாகவும் மற்றதில் வெளிறியும் இருப்பின் குறை மங்கனீசே. தோட்டம் முழுவதற்கும் தெளிக்கலாம். இரு வரிசைகளும் ஒன்றாகவே இருப்பின் மேலும் பணம் செலவிடாது, மண் மாதிரியையும் இலை மாதிரியையும் எடுத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். மாதிரிப் பையில் தோட்டத்தின் பெயரோடு, இறுதியாகச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் இட்ட மாதத்தையும் எழுதுதல் வேண்டும்.