ஐவர் கூடினால் குற்றம்: இங்கிலாந்தின் வழிபாட்டுக் கூட்டத் தடைச் சட்டங்கள்

இங்கிலாந்திலே 1660 ஆம் ஆண்டு மன்னராட்சி மீள நிறுவப்பட்டதன் பின்னர், ஆங்கிலத் திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டுக் கூட்டங்களைத் தடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றை மதச் சகிப்பின்மையின் விளைவுகளாக மட்டும் விளக்குவது போதுமானதன்று என்பதே எமது கருத்து.

1664 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டார் தமக்குள் நடத்தும் வழிபாட்டிலே தலையிடவில்லை. வீட்டாரைத் தவிர 16 வயது நிரம்பிய ஐவர் சேர்ந்ததும் அது குற்றமாயிற்று. முதற் குற்றத்துக்கு 5 பவுண் அல்லது மூன்று மாதச் சிறை. மூன்றாவதற்கு 100 பவுண், செலுத்த இயலாதோர்க்கு ஏழாண்டு நாடுகடத்தல். கூட்டத்தின் மீது ஏன் இத்துணை அச்சம்? உள்நாட்டுப் போர்க் காலத்துத் தனிச்சபைகளிலே கைவினைஞர் பிரசங்கித்தனர், பெண்களும் பேசினர். 1649 இல் மன்னனே சிரச்சேதம் செய்யப்பட்டான். 1661 ஜனவரியிலே பீப்பாய் செய்யும் தொழிலாளியான தோமஸ் வெனர், தமது சபையினரைத் திரட்டி இலண்டனிலே ஆயுதக் கிளர்ச்சி நடத்தினார். ஆளும் நிலவுடைமையாளர் இவற்றை மறந்திருக்கவில்லை.

ஜோன் பன்யனின் வழக்கு இவ்வர்க்க உள்ளடக்கத்தைத் தெளிவாக்குகின்றது. (அவர் 1660 இலேயே, எலிசபெத் காலத்து 1593 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டவர்.) பாத்திரம் திருத்தும் தொழிலாளியான அவர், தமக்கு வாய்த்த தொழிலோடு அமையுமாறு நீதிபதி அறிவுறுத்தியதைத் தாமே எழுதி வைத்துள்ளார். பிரசங்கம் கற்றோரின் உரிமை, தொழிலாளிக்கு அது அடுக்காது என்பதே இதன் பொருள். பன்யன் ஏறத்தாழப் பன்னிரண்டாண்டுகள் பெட்போட் சிறையிலிருந்தார்.

1670 ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் நுட்பமானது. சிறைக்குப் பதிலாகப் பணத்தை அது கருவியாக்கியது. கூட்டத்துக்கு வந்தவருக்கு 5 சிலிங். பிரசங்கிக்கும் இடங்கொடுத்தவருக்கும் 20 பவுண். வறியவரின் அபராதத்தை அங்கிருந்த வசதியுள்ளோரிடம் அறவிடலாம். ஜூரியின்றித் தனியொரு நீதவானே தீர்ப்பளிக்கலாம். அபராதத்தில் மூன்றிலொரு பங்கு தகவல் கொடுத்தவருக்கு உரியது. காட்டிக்கொடுத்தல் இவ்வாறு ஒரு பிழைப்பாயிற்று. நெசவாளரின் தறிகளும் பறிபோயின. குவேக்கரோ மறைந்து கூடவும் மறுத்தனர்.

1689 ஆம் ஆண்டுச் சகிப்புச் சட்டம், பதிவு செய்யப்பட்ட, கதவு பூட்டப்படாத இடங்களிலே கூட இடமளித்தது. கத்தோலிக்கருக்கும் திரித்துவத்தை மறுத்தோருக்கும் அச்சலுகை இல்லை. 1670 ஆம் ஆண்டுச் சட்டம் 1812 இலேயே முற்றாக நீக்கப்பட்டது. அப்பொழுது, கூலியுயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றிணைவதைக் குற்றமாக்கிய 1800 ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் இருந்தது.