கிணற்றிலிருந்து தொடங்கிய படம்

நவீன ஓவியம் என்றால் நமக்கு எப்போதும் ஒரு தயக்கம். படத்தில் மாடு மாடாகவும் மரம் மரமாகவும் இருக்க வேண்டும் என்று பழகியவர்கள் நாம். ஆகவே, யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி நடக்கிறது, வாருங்கள் என்று நண்பரான ரீச்சர் அழைத்தபோது பெரிய விருப்பத்தோடு புறப்படவில்லை. உரம் வாங்க எப்படியும் பட்டணம் போகவேண்டியிருந்தது. அதோடு இதுவும் ஆகட்டும் என்றே போனோம்.

எங்களோடு அண்ணை ஒருவரும் வந்தார். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த வெங்காயச் செய்கைக்காரர். பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட அவருடைய காணி இன்னும் கைக்கு வரவில்லை. குத்தகைக் காணியிலேயே தோட்டம் செய்கிறார்.

முதல் அறையில் நமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு படத்தில் கறுப்புக் கோடுகள். இன்னொன்றில் துருப்பிடித்த தகரம். ரீச்சர் பொறுமையாக விளக்கினார். நாம் தலையாட்டினோம். அண்ணை மெல்லக் காதுக்குள், "தம்பி, இதைவிட எங்கட கொட்டிலில கிடக்கிற தகரம் திறம்" என்றார்.

அடுத்த அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே சுவரில் இருந்தவை வீடுகளின் தரைப்படங்கள். ஓவியர் தா. சனாதனன் 2011இல் நூலாக வெளியிட்ட படைப்பின் பக்கங்கள் அவை. அதன் பெயரை 'முற்றுப்பெறாத தோம்பு' என்று தமிழில் சொல்லலாம். தோம்பு நமக்குப் புதிய சொல் அல்ல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளையும் உரிமையாளரையும் வரிக்காக எழுதிவைத்த பதிவேடு அது.

இந்தத் தோம்பை எழுதியவர்கள் அதிகாரிகள் அல்லர். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள். தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே கீறிக் கொடுத்திருக்கிறார்கள். 80 வீடுகள். அதே வீட்டை கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுக்கோடுகளில் திரும்பக் கீறியிருக்கிறார். ஓவியர் தம் பங்குக்கு வண்ணக்கட்டியால் ஒரு சித்திரம் வரைந்திருக்கிறார். வீட்டுக்காரர் சொன்ன கதையும் கூடவே இருக்கிறது.

அண்ணைக்கு முதலில் கோபம் வந்தது. "வீட்டைக் கீறிச் சுவரில தூக்கினா வீடு திரும்பி வருமே, ரீச்சர்?" என்று கேட்டார். ரீச்சர் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எனினும் அண்ணை அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு படத்திலும் கிணறு எங்கே, வேலி எங்கே என்று தேடிக்கொண்டு நின்றார். உரக்கடை பூட்டப்போகிறது என்று நாம்தான் அவரை இழுத்துவர வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் எங்களிடம் பேனை கேட்டார். கண்காட்சியில் தந்த துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார். முதலில் கிணறு. பிறகு வாய்க்கால், தோட்டம், மாட்டுக்கொட்டில். வீடு கடைசியில்தான் வந்தது, ஒரு மூலையில்.

வீட்டுக்குப் போனதும் அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "பலா மரம் வடக்கால இல்லையப்பா, கிழக்கால. மறந்துபோச்சே உங்களுக்கு?" என்றார். இருவரும் வாதிட்டார்கள். அகதி முகாமில் பிறந்த மகன் எட்டிப் பார்த்து, "இவ்வளவும் எங்கடயோ?" என்று கேட்டான். அவனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. காணி உண்டென்று கேட்டிருக்கிறான். அது எப்படி இருந்தது என்று அன்றுதான் கண்டான்.

அன்பான வாசகர்களே, முதல் அறையிலிருந்த கறுப்புக் கோடுகள் நமக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கியதாக நடிக்கவும் விரும்பவில்லை. ஆனால் இரண்டாம் அறை ஒன்றைக் கற்பித்தது. காணியைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பலா நின்ற பக்கமும் போய்விடும்.

ஆகவே இன்றிரவே ஒரு கொப்பித்தாளை எடுங்கள். அப்பு, ஆச்சி இருந்தால் பக்கத்தில் இருத்துங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நான்கு எல்லையிலும் யார் யார், கிணற்றில் யாருக்குப் பங்கு, ஒழுங்கை எந்தப் பக்கம் என்பவற்றைக் கேட்டுக் கீறுங்கள். கோடு கோணலானால் குற்றமில்லை. அடியில் திகதியையும் சொன்னவரின் பெயரையும் எழுதுங்கள்.

இது உறுதிக்கு ஈடாகாது. உறுதி தொலைந்திருந்தால், அது பதிவு செய்யப்பட்டிருக்கும் பட்சத்தில் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். தேடிப் போகும்போது காணியின் பெயரும் எல்லைகளும் கையில் இருந்தால் வேலை இலகு.

அண்ணையின் படம் இப்போது தட்டியில் குத்தியிருக்கிறது. பலா கிழக்குப் பக்கம் மாறியிருக்கிறது.